நொடித்தவருக்குக் காப்புறுதி உண்டா?

கடலும் கலவரமும் அரசின் கடனும் வீழ்த்திய கல்முனைக் கரை வியாபாரி மறுபடி எழ முயலும்போது, அவர் முன் நீட்டப்படும் படிவத்தில் வீழ்ச்சியின் காரணத்தை எழுத இடமில்லை.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், வடக்கே பெரியநீலாவணை தொடங்கித் தெற்கே பொத்துவில் வரை, கிழக்கே கடலும் மேற்கே வயலுமாகக் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று முஸ்லிம் ஊர்களும், அவற்றினிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலான தமிழ் ஊர்களும் வேலியோடு வேலி உரசி நிற்கின்றன. இவ்வூர்களின் ஜீவனம் கடல், வயல், கடை என்னும் மூன்றை நம்பியது. மருதமுனைத் தறியில் நெய்த சாரமும், சம்மாந்துறை வயலில் விளைந்த நெல்லும், சாய்ந்தமருதுக் கரையில் இழுத்த மீனும் முடிவில் வந்து விலையாகும் இடம் கடைத்தெரு. அந்தக் கடைத்தெருவை நடத்துவதோ ரொக்கத்தைவிட நாணயமே. கொழும்புப் புறக்கோட்டையின் மொத்த வியாபாரி பின்தேதியிட்ட காசோலையை வாங்கிக்கொண்டு புடவைக் கட்டையும் இரும்புச் சாமானையும் லொறியில் ஏற்றி அனுப்ப, கல்முனை முதலாளி அதே சரக்கை அறுவடைத் தவணைக்கு ஊராருக்குக் கடன் கொடுக்க, வயற்சொந்தக்காரரான போடியார் வீட்டு நெல் விலைபோகும் நாளில் எல்லாக் கணக்கும் நேராகும் என்ற நம்பிக்கையில் வருஷங்கள் உருளுகின்றன.

போகம் பொய்த்தாலும், கடல் பொங்கினாலும், ஊரடங்குச் சட்டம் பிறந்தாலும் தவணை தவறுகிறது. தவணை தவறக் காசோலை திரும்புகிறது. 'செக் திரும்பிட்டாம்' என்ற பேச்சு ளுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில் கடைத்தெரு முழுவதும் பரவி, ஒரு மனிதர் முப்பது வருஷம் சேர்த்த பெயரை அன்று மாலைக்குள் கரைத்துவிடுகிறது. 1990-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி, பணமில்லாக் கணக்கின்மேல் தெரிந்தே காசோலை எழுதுவது குற்றமுமாகும். அதே ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டமோ, ஈடு வைத்த சொத்தை நீதிமன்றப் படி ஏறாமலே ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்கியிருக்கிறது. 'பராட்டே' என்று வழங்கும் இவ்வதிகாரம், சிறு தொழில் முயற்சியாளரின் கூக்குரல் பலத்ததன் பேரில், 2024-இல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள்.

வியாபாரி நொடித்துப்போகும் காலத்தைப் பற்றி ஊர் நிறையப் பேசுகிறது. அவர் நொடித்த பின், கடன்காரரோடு ஒருவாறு கணக்குத் தீர்த்து, மைத்துனரின் கடையோரத்தில் ஒரு மேசை போட்டு மறுபடி தொழில் தொடங்கும் காலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓர் இழப்பையும் தாங்கமுடியாத நிலையில் இருப்பதால், காப்புறுதி மிகவும் தேவைப்படுவது அக்காலத்தில்தான். அது நியாயமான நிபந்தனையில் கிடைப்பது மிகவும் அரிதாவதும் அக்காலத்தில்தான்.

வீழ்ச்சிக்கு யார் காரணம்?

இக்கரையில் மனிதர் நொடித்துப்போன சந்தர்ப்பங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை ஒருவருடைய கவனக்குறைவாலோ கபடத்தாலோ விளைந்தவையல்ல என்பது தெளிவாகும். 1978 நவம்பர் 23-ஆம் திகதி இரவு அடித்த சூறாவளி கிழக்குக் கரையின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தொடர்ந்து வந்த யுத்த காலத்தில் வயலுக்குப் போகமுடியாத போடியாரும், கடலுக்குப் போகமுடியாத மீனவரும், கொழும்புப் பாதை அடைபட்ட வியாபாரியும் ஒன்றாகவே கடனில் வீழ்ந்தார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் திகதி காலையில் வந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவற்றுள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை அம்பாறை மாவட்டத்தின் உயிர்கள். கரையை அடுத்த வீடும், வாடியும், வலையும், தோணியும், தறியும், கடையும் போயின. வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டிடம் கட்டலாகாது என்ற விதி முதலில் வந்து, பின்னர் தளர்த்தப்படும்வரை, நின்ற இடத்திலேயே மீண்டும் கடை போடும் வழியும் அடைபட்டுக் கிடந்தது.

2018 பெப்ரவரி இறுதியில், கொத்து ரொட்டியில் மலட்டு மருந்து கலந்ததாக எழுந்த பொய் வதந்தி ஒன்று அம்பாறை நகரில் பள்ளிவாசலையும் முஸ்லிம் கடைகளையும் தாக்கும் கலகமாய் முற்றியது. அடுத்த ஆண்டின் உயிர்த்த ஞாயிறுப் படுகொலைகளும், அதே வாரத்தில் சாய்ந்தமருதில் நடந்த வெடிப்பும், அவற்றுக்குச் சிறிதும் சம்பந்தமில்லாத வியாபாரிகளின் வாசலையும் வெறுமையாக்கின. பின் கொரோனா முடக்கம். 2021-இல் இரசாயன உர இறக்குமதித் தடை. அதன் பின் 2022.

அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இனித் திருப்பிச் செலுத்த இயலாதென்று இலங்கை அரசே பகிரங்கமாய் அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவில் நின்றது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது ஏறியிருந்தது. அரசு நொடித்தது, அரசோடு சேர்ந்து அதன் குடிகளும் நொடித்தார்கள்.

ஒவ்வொன்றாய் அறுந்துபோகும் காப்புகள்

வியாபாரம் முறியும்போது காப்புறுதியும் போய்விடுகிறது என்பதைப் பலர் தாமதமாகவே உணர்கிறார்கள். கடையின் தீக்காப்புறுதி பெரும்பாலும் உடைமையாளர் விரும்பி எடுத்ததன்று. மேலதிகப் பற்று வசதி கொடுத்த வங்கி வற்புறுத்தி எடுப்பித்தது. வசதி நின்றதும் தவணைப்பணம் கட்டுவாரின்றிக் காப்பும் நிற்கிறது. வான் வண்டியின் முழுக்காப்புறுதி லீசிங் கம்பனியின் நிபந்தனை. கம்பனி வாகனத்தை இழுத்துக்கொண்டு போன நாளிலேயே அது முடிவடைகிறது. இழப்புக் கோராத வருஷங்களுக்காகச் சேர்ந்து வந்த தள்ளுபடியும், நெடுநாள் வாகனமில்லாதிருந்தால் உதிர்ந்துபோகிறது. மறுபடி ஒரு முச்சக்கர வண்டி வாங்கினாலும், மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு நின்றுகொள்ளத்தான் கை இடம் கொடுக்கும். அது மோதப்பட்டவருக்கு ஈடு செய்யுமே தவிர, தம் வண்டியை நிமிர்த்தித் தராது.

ஆயுள் காப்புறுதியின் கதை இன்னும் சிரமமானது. பொதுவாக மூன்று வருஷத் தவணை கட்டிய பின்னரே அதற்குச் சரண் பெறுமதி உண்டாகிறது. அதற்குள் நொடித்தவருக்குக் கட்டிய பணம் கதியற்றுப் போகிறது. அதன் பின் நொடித்தவர் பத்திரத்தைச் சரண் செய்து கடன்காரர் கையில் கொடுக்கிறார், அல்லது முன்னமே வங்கிக்கு ஈடாக ஒப்படைத்துவிட்டிருக்கிறார். முப்பத்தைந்து வயதில் எடுத்த பத்திரத்தை இழந்து ஐம்பது வயதில் புதிதாய் எடுக்கப் போகிறவர், இடைப்பட்ட காலத்தில் சீனி வியாதியும் இரத்த அழுத்தமும் சம்பாதித்திருப்பார். கடன் தொல்லையும் நோயும் ஒன்றாய் வருவது வழக்கந்தானே. கட்டணம் பல மடங்காய் ஏறுகிறது.

தறிக்காரப் பெண்கள் எடுக்கும் நுண்கடனோடு கழிக்கப்படும் காப்புறுதிக் கட்டணத்தையும் இங்கே நினைக்க வேண்டும். கடனாளி இறந்தால் மீதிக் கடனை அது கடன் கொடுத்தவருக்குக் கட்டிவிடும். குடும்பம் கடனிலிருந்து தப்பும் என்பது உண்மையே. தறி எரிந்தாலோ, நூல் நனைந்தாலோ, நெய்யும் கை முடங்கினாலோ அது வாய் திறவாது.

அரைகுறைக் காப்பு

2022-இல் காப்புறுதியைக் கைவிடாமல் வைத்திருந்தவரும் முழுமையாகத் தப்பினார் என்று சொல்ல முடியாது. தீக்காப்புறுதிப் பத்திரத்தில் சராசரி நிபந்தனை என்று ஒன்று உண்டு. சொத்தின் உண்மைப் பெறுமதியைவிடக் குறைந்த தொகைக்கு ஒருவர் காப்புறுதி செய்திருந்தால், எந்த விகிதத்தில் குறைத்திருக்கிறாரோ அந்த விகிதத்திலேயே இழப்பும் ஈடு செய்யப்படும். ஒரு புடவைக் கடைக்காரர் 2021-இல் தம் சரக்கை 50 இலட்சம் ரூபாய்க்குக் காப்புறுதி செய்தார் என்று வைத்துக்கொள்வோம். ரூபாய் வீழ்ந்தபின் அதே அளவு சரக்கின் பெறுமதி ஒரு கோடியாகிவிடுகிறது; பத்திரத்தில் தொகை மாறவில்லை. மின்னொழுக்கால் ஓர் இறாக்கை எரிந்து 20 இலட்சம் நஷ்டமானால், அவர் கைக்கு வருவது 10 இலட்சமே. பாதிச் சரக்குக்குத்தான் கட்டணம் கட்டினீர்கள், மீதிப் பாதிக்கு நீங்களே காப்புறுதியாளர் என்பது அந்நிபந்தனையின் தர்க்கம். கணக்கு சரியானதுதான், ஆனால் தம் கடையின் விலைமதிப்பை இரட்டிப்பாக்கியது புறக்கோட்டையுமன்று தாமுமன்று, அரசின் முறிவு என்பதை அந்த மனிதர் யாரிடம் சொல்லிக்கொள்வார்?

சாதாரணத் தீக்காப்புறுதி தீயையும் இடியையும் மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. வெள்ளம், சூறாவளி, நிலநடுக்கம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கு மற்றொரு கட்டணம். இப்பின்னதன் பொறுப்பைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் ஏற்கிறது. கடலையும் கலகத்தையும் ஒருங்கே அஞ்சவேண்டிய அம்பாறைக் கரையில் இவ்விரண்டும் ஆடம்பரமல்ல. ஆயினும் நொடித்த பின் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிக் கட்டுபவர் முதலில் வெட்டுவது இவற்றையே.

ஒரு கேள்வியும் ஒரு கிசுகிசுப்பும்

இனிப் படிவத்துக்கு வருவோம். தீ, திருட்டுக் காப்புறுதிகளுக்கான முன்மொழிவுப் படிவத்தில், கடையின் சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது என்ற கேள்விகளுக்குப் பிறகு, உங்களுக்கு எந்தக் காப்புறுதி நிறுவனமேனும் எப்போதாவது மறுத்ததுண்டா, பத்திரத்தை இரத்துச் செய்ததுண்டா, விசேஷ நிபந்தனை விதித்ததுண்டா என்ற கேள்வி வழக்கமாக வரும். வங்குரோத்தானதுண்டா, கடன்காரரோடு இணக்கத் தீர்வு செய்துகொண்டதுண்டா என்று நேராகவே கேட்கும் படிவங்களும் உண்டு. சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எதிரே உள்ள இரண்டு சிறு கட்டங்கள் வேறுபடுவதில்லை. 'ஆம்', 'இல்லை'.

பேனை கைமாறும் தருணமே அபாயமானது. கடைக்குள் இருக்கையைப் போட்டு உட்கார்ந்திருக்கும் முகவர் பெரும்பாலும் ஊர்ப் பிள்ளை, தூரத்து உறவுமாயிருப்பார். அவருக்கும் மாத இலக்கு உண்டு. "காக்கா, இதுக்கு இல்லை என்டே போட்டுருவம், ஆரு வந்து கிளறப் போறாங்க?" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, படிவத்தைத் தாமே நிரப்பி, கையொப்பமிடும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து நீட்டுகிறார். தவணை கட்டும் காலமெல்லாம் ஒருவரும் கிளறுவதில்லை. இழப்புக் கோரும் நாளில்தான் கிளறுகிறார்கள். அப்போது பழைய வழக்கு இலக்கமும், பழைய ஏல அறிவித்தலும் மேசைக்கு வருகின்றன. உண்மையை மறைத்தார் என்ற ஒரே காரணத்துக்காகப் பத்திரம் ஆதிமுதல் செல்லாததாகிவிடுகிறது. கட்டத்தில் கோடிட்ட முகவரின் கை அங்கே சாட்சிக்கு வராது.

இந்த விதி நம் நாட்டுக்கு வந்த வழி சரித்திரத்தில் சுவாரசியமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடியியற் சட்டக் கட்டளை, ஆயுள், தீக் காப்புறுதி விஷயங்களில் ஆங்கிலச் சட்டத்தையே இலங்கையில் கைக்கொள்ள வேண்டுமென்று விதித்தது. ஆங்கிலச் சட்டத்தில் காப்புறுதியின் பூரண விசுவாசக் கொள்கைக்கு ஆதாரமாய் எடுத்துக்காட்டப்படுவது 1766-இல் மான்ஸ்பீல்ட் பிரபு வழங்கிய தீர்ப்பு. சுமாத்திராத் தீவின் மேற்குக் கரையில் பென்கூலன் என்னும் இடத்திலிருந்த மார்ல்பரோக் கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், அந்நியர் கோட்டையைப் பிடித்தால் தமக்கு ஈடு வேண்டுமென்று இலண்டனில் காப்புறுதி செய்திருந்தார். பிரெஞ்சுக்காரர் 1760-இல் அதைப் பிடித்தனர். கோட்டையின் பலவீனத்தை மறைத்தீர் என்று காப்புறுதியாளர் போம் ஈடு கொடுக்க மறுத்தார். ஆபத்தை மதிப்பிடத் தேவையான உண்மையை இரு தரப்பாரும் மறைக்கலாகாது என்ற கொள்கையை வகுத்த அந்த நீதிபதி, தீர்ப்பைக் கார்ட்டர் பக்கமே சொன்னார் என்பதை எடுத்துக்காட்டுவோர் சில வேளை மறந்துவிடுகிறார்கள். கேட்டிருக்கக்கூடியதைக் கேளாமல் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, இழப்பு நேர்ந்த பின் சொல்லவில்லையே என்று கூவுவதும் விசுவாசக் கேடுதான் என்பது அத்தீர்ப்பின் மறுபாதி. நம் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது முதற்பாதி மட்டுமே.

காப்புறுதியாளர் பக்கத்து நியாயம்

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்பது நடுவுநிலைமை. கடனில் மூழ்கியவன் தன் கடைக்குத் தானே தீ வைத்துக்கொள்வான் என்ற அச்சம் காப்புறுதித் தொழிலளவு பழமையானது; அதை ஒழுக்க அபாயம் என்று அவர்கள் சாஸ்திரம் சொல்லும். காப்புறுதி நிதி ஒரு நிறுவனத்தின் தனிப்பணமன்று; நேர்மையாய்க் கட்டும் ஆயிரம் பேரின் பணம். கபடக்காரன் ஒருவனுக்குக் கொடுத்த ஈடு, மற்றவர்களின் அடுத்த வருஷக் கட்டணத்தில் ஏறும். ஆகவே கேள்வி கேட்பது தவறென்று யாரும் சொல்லவில்லை. கடன் சுமையின் நடுவில் நிற்பவரையும், கடனைத் தீர்த்து வெளியே வந்தவரையும், வெள்ளத்தில் சரக்கை இழந்தவரையும், பொய்க் கணக்கு எழுதி மறைந்தவரையும் ஒரே கட்டத்துக்குள் அடைப்பதே தவறு. பேதமறியாத மதிப்பீடு, அவர்களுடைய சாஸ்திரப்படி பார்த்தாலும், நல்ல மதிப்பீடாகாது.

1853 அறிந்திருந்த பேதம்

வியப்பு என்னவெனில், இந்தப் பேதத்தை நம் நாட்டின் பழஞ்சட்டம் நன்றாய் அறிந்திருந்தது. 1853-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டம், அக்கால ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி, கடனைத் தீர்க்கமுடியாதவர் மாவட்ட நீதிமன்றத்தில் தம் உடைமையெல்லாம் ஒப்புவித்து விடுதலை பெற வழி வகுத்தது. விடுதலைக்கு அத்தாட்சியாக நீதிமன்றம் கொடுத்த பத்திரம் மூன்று வகுப்புடையது. தவிர்க்கமுடியாத நஷ்டத்தாலும் துரதிர்ஷ்டத்தாலும் வீழ்ந்தவருக்கு முதல் வகுப்பு. ஓரளவு துரதிர்ஷ்டமும் ஓரளவு தம் பிழையுமாக வீழ்ந்தவருக்கு இரண்டாம் வகுப்பு. தம் பிழையாலேயே வீழ்ந்தவருக்கு மூன்றாம் வகுப்பு. நீராவிக் கப்பலில் தபால் வந்த காலத்து நீதிபதி ஒருவர், சாட்சிகளை விசாரித்துப் பிரித்தறிந்த வித்தியாசத்தை, கணினி வைத்திருக்கும் நம் காலத்துப் படிவம் விசாரிப்பதுமில்லை, எழுத இடம் கொடுப்பதுமில்லை.

நடைமுறையில் கல்முனைக் கரையில் நீதிமன்றத்தை நாடி வங்குரோத்தாகிறவர் அரியர். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் முன்னிலையில், ஊர்ப் பெரியவர் நடுநிற்க, ரூபாய்க்கு எட்டணா என்று பேசித் தீர்ப்பதே வழக்கம். அத்தீர்வுக்கு அத்தாட்சிப் பத்திரம் கிடையாது. மறுபுறம், 1990-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தின் ஏட்டில் தவறிய தவணை பதிவாகிறது. தவணை தவறிய காரணம் பதிவாவதில்லை.

முஸ்லிம் சமூகத்தின் நெஞ்சுக்கு நெருக்கமான மற்றொரு முன்னுதாரணமும் உண்டு. நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படி குர்ஆன் பணிக்கிறது. ஸகாத்தைப் பெறத்தக்க எட்டுப் பிரிவினருள் கடன்பட்டோரையும் ஒரு பிரிவாக வைக்கிறது. நபித்தோழர் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் கடனில் மூழ்கியபோது நபி (ஸல்) அவர்கள் அவருடைய உடைமையை விற்றுக் கடன்காரருக்குப் பகிர்ந்து கொடுத்ததாகவும், பின்னர் அவரையே யெமன் தேசத்துக்குப் பொறுப்பாளராக அனுப்பியதாகவும் ஃபிக்ஹு நூல்கள் எடுத்துரைக்கின்றன. கடன்காரரின் உரிமையும் காக்கப்பட்டது. நொடித்தவரின் யோக்கியதையும் காக்கப்பட்டது. கணக்குத் தீர்ந்த மனிதரிடம் ஒரு தேசத்தையே ஒப்படைக்கலாம் என்னும்போது, ஒரு புடவைக் கடையின் தீக்காப்பை ஒப்படைக்கலாகாதா?

பிற தேசங்களின் வழி

இது நமக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்காவில் ஒருவரின் கடன் வரலாற்றைக் கொண்டே வாகனக் காப்புறுதிக் கட்டணத்தைக் கூட்டும் வழக்கம் பரந்து கிடக்கிறது. வங்குரோத்து அங்கே பத்து ஆண்டு வரை ஏட்டில் நிற்கலாம். கலிபோர்னியா, ஹவாய், மசாசூசெட்ஸ் ஆகிய மாநிலங்களோ, வாகனம் ஓட்டும் திறமைக்கும் கடன் வரலாற்றுக்கும் முடிச்சுப் போடலாகாது என்று அவ்வழக்கத்தைத் தடுத்திருக்கின்றன. நமக்கு விதியைத் தந்த இங்கிலாந்து அந்த விதியையே தளர்த்திக்கொண்டது: 2012-ஆம் ஆண்டுச் சட்டம், சாதாரணக் குடிமகன் தானாகவே எல்லாவற்றையும் ஊகித்துச் சொல்லவேண்டிய கடமையை நீக்கி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதுமென்றது; 2015-ஆம் ஆண்டுச் சட்டம், வியாபாரி கபடமின்றி விட்ட பிழைக்காகப் பத்திரம் முழுவதையும் கிழித்தெறியாமல், பிழையின் அளவுக்கேற்ப ஈட்டைக் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஆயுள் காப்புறுதிப் பத்திரத்துக்கு மூன்று ஆண்டு நிறைந்துவிட்டால், எக்காரணம் கொண்டும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்கலாகாது என்று 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது.

எல்லாவற்றிலும் சிந்திக்கத்தக்கது பிரான்சு காட்டிய வழி. புற்றுநோயிலிருந்து குணமானவரிடம், சிகிச்சை முடிந்து குறித்த காலம் கழிந்த பின், கடனுக்கான காப்புறுதி எடுக்கையில் அந்நோயைப் பற்றிக் காப்புறுதியாளர் கேட்கவே கூடாது என்று 2016-இல் சட்டம் செய்து, அக்காலத்தைப் பத்து ஆண்டிலிருந்து 2022-இல் ஐந்து ஆண்டாகக் குறைத்தார்கள். மறக்கப்படும் உரிமை உடலுக்கு உண்டென்றால், தீர்த்து முடித்த கடனுக்கும் ஏன் இருக்கலாகாது?

பரஸ்பரம் என்னும் பழைய முறை

கல்முனைக் கரைக்குக் கூட்டுப் பொறுப்புப் புதிதன்று. மரண உதவிச் சங்கமும், சீட்டும், கரைவலைக்காரரின் பங்கு முறையும் ஒருவரின் நஷ்டத்தைப் பலரும் ஏற்பதையே அடிப்படையாகக் கொண்டவை. வர்த்தகக் காப்புறுதியை ஏற்காமல், பரஸ்பர நன்கொடையின்மேல் அமைந்த கூட்டுறவுக் காப்புறுதியை ஏற்கலாமென்று இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1985-இல் தீர்மானித்தது. இலங்கையில் 1999-இல் அமானா தகாஃபுல் தொடங்கியது. தகாஃபுலில் பங்குபற்றுவோர் தம் பணத்தை ஒரு பொது நிதிக்கு நன்கொடையாகத் தந்து, அதிலிருந்து ஒருவர் இழப்பை மற்றவர் ஈடு செய்கின்றனர். நடத்தும் நிறுவனம் முகவராக நின்று கூலி பெறுகிறது.

ஆயினும் தகாஃபுலும் மற்றக் காப்புறுதிகளும் 2000-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ், ஒரே ஆணைக்குழுவின் அனுமதியோடு இயங்குபவையே. பரஸ்பரம் என்ற கொள்கையின்மேல் கட்டப்பட்ட முறைக்கு, நொடித்தவரை வேறு கண்ணோடு பார்க்கும் கடமை அதிகம் உண்டு. கடன்பட்டவரைத் தூக்கிவிட ஸகாத்தும், தூக்கிவிட்டவர் மறுபடி விழாதிருக்கத் தகாஃபுலும் என்று இரண்டையும் இணைத்து, பள்ளிவாசல் ஸகாத் நிதியிலிருந்தே மீண்டெழும் வியாபாரியின் முதல் வருஷக் காப்புக் கட்டணத்தைச் செலுத்துவது, உலமாக்கள் கூடி ஆராயத்தக்க யோசனை.

செய்யத்தக்கவை

சட்டம் மாறும்வரை வியாபாரி செய்யத்தக்கவை சில. படிவத்தை முகவரின் கையில் விடாமல் தாமே நிரப்புதல், அல்லது படித்த பிள்ளையைக் கொண்டு நிரப்புவித்தல் முதலாவது. வங்குரோத்து, மறுப்பு, இரத்து பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்றே எழுதி, காரணத்தைத் தனித்தாளில் விவரித்து இணைக்க வேண்டும்: ஆழிப்பேரலையா, வெள்ளமா, கலவரமா, எந்த ஆண்டு, கடன் எவ்வாறு தீர்ந்தது என்று. கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வங்கி தந்த தீர்வுக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். தம்மைப் பற்றிய கொடுகடன் அறிக்கையைப் பணியகத்திடமிருந்து ஒருவர் தாமே பெறலாம்; தீர்ந்த கடன் தீராததாய் நின்றால் திருத்தும்படி கேட்கலாம். வருஷந்தோறும் பத்திரத்தைப் புதுப்பிக்குமுன் சரக்கின் இன்றைய விலையைக் கணக்கிட்டுத் தொகையைத் திருத்தினால் சராசரி நிபந்தனையின் வெட்டிலிருந்து தப்பலாம். ஈடு மறுக்கப்பட்டால் அத்தோடு சோர்ந்துவிடாமல், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, 2005 முதல் இயங்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிட வழி உண்டு.

இவை தனிமனிதர் செய்துகொள்ளும் பரிகாரங்கள். நியாயம் நிலைபெற வேண்டுமானால் ஆணைக்குழு மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். வங்குரோத்துப் பற்றிக் கேட்கும் ஒவ்வொரு படிவத்திலும் அதன் காரணத்தையும் தீர்வையும் எழுத இடம் வைக்கச் செய்வது ஒன்று. கணக்குத் தீர்ந்து ஐந்தாண்டு கழிந்த வீழ்ச்சியைப் பற்றிக் கபடம் நிரூபணமானாலன்றிக் கேட்கலாகாதென்று விதிப்பது மற்றொன்று. படிவத்தை முகவர் நிரப்பியிருந்தால், அதிலுள்ள பிழைக்கு அவரை அனுப்பிய நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டுமென்று நிலைநாட்டுவது மூன்றாவது. இவற்றால் எந்த நிறுவனத்தின் நிதியும் வற்றிவிடாது. அபாயத்தை உண்மையாய் மதிப்பிட்டு, அதற்குரிய கட்டணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு அப்படியே இருக்கிறது.

2022 ஏப்ரலில் கடனை நிறுத்திய இலங்கை அரசுக்கு, 2023 மார்ச் 20-ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கு அனுமதி தந்தது. ஓராண்டுகூட நிறையுமுன், நிபந்தனைகளோடும் தவணைகளோடும் கணக்குப் பரிசோதனைகளோடும், நொடித்த அரசை உலகம் மறுபடி நம்பத் தொடங்கியது. ஏன் வீழ்ந்தது, எப்படி எழப்போகிறது என்று அதனிடம் விரிவாய் விசாரித்துத்தான் நம்பியது. அவ்வளவு விரிவான விசாரணையைக் கல்முனைக் கடைக்காரர் கேட்கவில்லை. தம் வீழ்ச்சியின் காரணத்தை எழுதப் படிவத்தில் நான்கு வரி இடம் கேட்கிறார். தான் பெற்ற அவகாசத்தைத் தன் குடிகளுக்கும் வழங்க அரசு விரும்பினால், அந்த நான்கு வரியிலிருந்து தொடங்கலாம்.